தீயணைப்பு வண்டிக்கு மருத்துவக் கருவி: மதுரையும் பக்கத்து நகராட்சிகளும் சேர்ந்து பணம் போடலாமா?

தெப்பக்குளத்தான்:
மதுரை மாநகராட்சியும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி நகராட்சிகளும் ஆளுக்கொரு பங்கு போட்டு, இந்த வட்டாரத் தீயணைப்பு வண்டிகளுக்கு ஆக்ஸிஜன், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை, கழுத்துப் பட்டை, இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. எல்லாம் வாங்கித் தரலாம் என்பது என் யோசனை. நான்குவழிச் சாலையில் லாரிக்கு அடியில் கார் சொருகிக்கொண்டால் கட்டரோடு வருவது தீயணைப்புதான். தகரத்தை வெட்டி முடிக்கும்வரை 108 ஊழியர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

கணக்கப்பிள்ளை:
தீயணைப்பு மாநில அரசுத் துறை அண்ணே. சம்பளம், வண்டி, டீசல் எல்லாம் சென்னையில் ஒதுக்குவது. அதற்கு எங்கள் சொத்து வரியா? அமெரிக்காவைப் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே பல ஊர்களில் நகராட்சியே தீயணைப்பை நடத்துகிறது. வரும் அழைப்பில் பாதிக்கு மேல் மருத்துவ அழைப்பு. பக்கத்து ஊர்கள் சேர்ந்து விண்ணப்பித்தால் மத்திய அரசு மானியமே கிடைக்கும், மக்கள்தொகையைப் பொறுத்து 5 முதல் 15 சதவீதம்தான் அவர்கள் கைக்காசு. இங்கே 2008 முதல் 108 ஓடுகிறது. ஒரே வேலைக்கு இரண்டு செலவு எதற்கு?

தெப்பக்குளத்தான்:
அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணையைப் புரட்டுங்கள் தம்பி. 74ஆவது திருத்தத்தில் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று போட்ட பட்டியலில் தீயணைப்பும் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் எரிந்தது மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபம். 2020 தீபாவளி சமயத்தில் ஜவுளிக்கடைக் கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் செத்தது தெற்கு மாசி வீதிப் பக்கம். துறை சென்னையுடையது, சரி. தெரு யாருடையது?

மேலூர்க்காரி:
பணம் போடுவது இருக்கட்டும், சாமான் எங்கே இருக்கும்? மதுரை தல்லாகுளத்தில் வைத்துக்கொண்டு "தேவைப்பட்டால் அனுப்புகிறோம்" என்பீர்கள். பொங்கல் வாரம் ஜல்லிக்கட்டுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று போய்விடும். ஒரு கோடையில் சொந்தக்காரர் ஊரில் கிணற்றில் விழுந்த பையனைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். களத்துமேட்டில் படுக்கவைத்து ஒருவர் நெஞ்சை அழுத்துகிறார், இன்னொருவர் ஈரச் சட்டையோடு ரோட்டுக்கு ஓடி ஆம்புலன்ஸ் வருகிறதா என்று பார்க்கிறார். கையில் ஒரு ஆம்பு பைகூட இல்லை. மக்கள்தொகைப்படி பங்கு பிரித்தால் மதுரைதான் அதிகம் போடும், அப்புறம் அதுதான் முதலாளி.

நிலையத்தில் இருந்தவன்:
இந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அக்கா சொன்னதுதான் நடப்பு. ஆனால் ஏ.இ.டி. ஆசையை முதலில் விடுங்கள். இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போதுதான் அது அதிர்ச்சி கொடுக்கும். நீரில் மூழ்கியவனுக்கு முதலில் வேண்டியது மூச்சு, அடிபட்டவனுக்கு ரத்தத்தை நிறுத்துவது. எங்களுக்கு வரும் மீட்பு அழைப்பு பெரும்பாலும் இந்த ரகம். ஆம்பு பை, கழுத்துப் பட்டை, முதுகுப் பலகை, இறுக்கிக் கட்டும் பட்டை போதும். விலையும் குறைவு.

கணக்கப்பிள்ளை:
ஐயா, நீங்களே சொல்லுங்கள். ஏ.இ.டி.யில் நெஞ்சில் ஒட்டும் பேட், எடுக்காமலே வைத்திருந்தாலும் இரண்டு வருடம் சொச்சத்தில் காலாவதி. பேட்டரி, ஆக்ஸிஜன் நிரப்புவது எல்லாம் யார் கணக்கில்? நகராட்சிப் பணத்தில் வாங்கிய பொருள் வேறு துறைக் கட்டடத்தில் கிடந்தால் உள்ளாட்சித் தணிக்கையில் ஆட்சேபம் எழுதுவார்கள். ரிப்பன் வெட்ட நாலு பேர் வருவார்கள், பேட் மாற்ற ஒருவரும் வரமாட்டார்.

நிலையத்தில் இருந்தவன்:
அதற்குத்தான் வாங்கும் பணத்தோடு மூன்று வருடப் பராமரிப்பையும் சேர்த்துத் தீர்மானத்தில் எழுத வேண்டும். பயிற்சியும் அதிலேயே. பழக்கமில்லாத கருவி பெட்டியைவிட்டு வெளியே வராது, நான் பார்த்திருக்கிறேன்.

கணக்கப்பிள்ளை:
அவ்வளவு மலிவு என்றால் நாலு உள்ளாட்சி எதற்கு? ஊர்ச் சங்கம் ஒன்று போதும்.

மேலூர்க்காரி:
சங்கம் கொடுத்த தண்ணீர் மெஷின் எங்கள் பஸ் ஸ்டாண்டில் இன்னும் நிற்கிறது. தண்ணீர்தான் வருவதில்லை. மக்கள்தொகையை விடுங்கள், எந்த நிலையத்துக்கு எத்தனை மீட்பு அழைப்பு என்று பார்த்துச் சாமானைப் பிரிப்பீர்களா, மாட்டீர்களா? தெப்பக்குளத்து அண்ணன் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.