கலைச்சொல் உதவி: ஓபிஎம்எல் கோப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். செய்தியோடை (ஃபீட், அதாவது ஒரு தளத்தில் புதிதாக வருவதைத் தரும் முகவரி) படிக்கும் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி இரவோடு சொற்றொடர்களைப் பூட்டிவிடுவார்கள். மற்றதெல்லாம் முடிந்தது. "ஓபிஎம்எல் இறக்குமதி", "ஓபிஎம்எல் ஏற்றுமதி", "அவுட்லைன்" ஆகிய மூன்றும்தான் இழுக்கின்றன. தெரியாதவர்களுக்கு: நாம் சந்தா சேர்ந்திருக்கும் ஓடைகளின் முகவரிகளைக் கோப்புறை வாரியாக வைத்திருக்கும் எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களால் எழுதும் உரைவடிவம்) கோப்புதான் ஓபிஎம்எல். ஒரு படிப்பானிலிருந்து இன்னொன்றுக்கு மாறவும், நம் ஓடைகளை இன்னொருவருக்குக் கொடுக்கவும் பயன்படும். 2013 ஜூலையில் கூகுள் ரீடர் என்ற ஓடைப் படிப்பானை மூடியபோது பலரும் இந்தக் கோப்போடுதான் வெளியேறினார்கள். அதன் முழுப்பெயரான 'அவுட்லைன் பிராசசர் மார்க்கப் லாங்குவேஜ்' என்பதற்கு முன்பு யாரோ "வெளிக்கோட்டுச் செயலிக் குறிமொழி" என்று போட்டிருக்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?

நிரலர்:
வேண்டாம். வெளிக்கோடு என்றால் உருவத்தைச் சுற்றி வரையும் கோடு. இது தலைப்பு, அதற்குள் துணைத்தலைப்பு, அதற்குள் இன்னொன்று என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும் குறிப்பு. டேவ் வைனர் என்ற அமெரிக்க நிரலர் 2000இல் இந்த வடிவத்தைக் கொண்டுவந்தது ரேடியோ யூசர்லேண்ட் என்ற மென்பொருளில் இருந்த அவுட்லைனருக்காக, அதாவது இப்படிக் குறிப்பெழுதும் கருவிக்காக. ஓடைச் சந்தா அதில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட பயன். என் வாக்கு: கிளைப்பட்டியல்.

தமிழாசிரியர் (ஓய்வு):
தம்பி, கிளை நல்ல சொல். கிளத்தல், கிளவி எல்லாம் அதன் உறவு என்பது என் துணிபு. பிரித்துச் சொல்வதுதானே கிளவி? பழம்பாட்டில் கிளை என்றால் சுற்றம். யாழ் நரம்பிலும் இணை, கிளை, பகை, நட்பு உண்டு. சரி, அது வேறு கதை. நமக்கு ஆயத்தமாகவே ஒரு சொல் இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியலில்,

நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு
ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது
ஓத்தென மொழிப உயர்மொழிப் புலவர்

ஓரின ஓடைகளை ஒரு கோப்புறையில் நிரல்பட வைத்தால் அது ஓத்து. பல இனமும் விரவிக் கிடந்தால் படலம். எல்லாவற்றையும் அடக்கிய முழுக்கோப்பு பிண்டம். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

கல்லூரி ஆசிரியை:
ஐயா, பொருத்தத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் சொல்லை வகுப்பில் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள், பின்வரிசையை அடக்க அந்தப் பாடவேளை போதாது. "பிண்டத்தை ஏற்றுமதி செய்" பற்றி நான் வாயே திறக்கப்போவதில்லை.

இன்னொருவர்:
இடையில் ஒரு சந்தேகம். 'ஓடை' மட்டும் முடிவாகிவிட்டதா? ஃபீடுக்கு நான் 'ஊட்டம்' கட்சி. ஓடை என்றால் யானையின் நெற்றிப்பட்டமும்தான்.

கல்லூரி ஆசிரியை:
யானையைச் செயலிக்குள் யாரும் தேடமாட்டார்கள். ஊட்டம் என்றால் மாணவர்கள் சத்துணவை நினைக்கிறார்கள். திரட்டி (பல ஓடைகளைச் சேர்த்துக் காட்டுவது), ஓடை இரண்டும் வலைப்பூக் காலத்திலேயே புழங்கி நின்றுவிட்டன. அவற்றைத் தொடாதீர்கள்.

நிரலர்:
கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுவோம். தலைப்பகுதி, உடற்பகுதி என இரண்டே. உடலுக்குள் இருப்பதெல்லாம் அவுட்லைன் என்ற ஒரே உறுப்பு. கோப்புறையும் அதுதான், ஓடையும் அதுதான். வகை 'ஆர்எஸ்எஸ்' (ஓடைகளுக்கான ஒரு வடிவம்) என்று இருந்து ஓடை முகவரியும் இருந்தால் ஓடை; தனக்குள் வேறு அவுட்லைன்களை வைத்திருந்தால் கோப்புறை. ஆகவே ஐயா சொல்வதுபோல் ஓத்து, படலம் என்று பிரிக்க இங்கே வழியே இல்லை. எத்தனை அடுக்கும் உள்ளே போகலாம் என்கிறது வரையறை, ஆனால் சில படிப்பான்கள் ஒரே ஒரு அடுக்கைத்தான் மதிக்கும், மிச்சத்தைத் தட்டையாக்கிவிடும். படித்தது எது, படிக்காதது எது என்ற கணக்கும் இதில் வராது.

இன்னொன்று, உதவிப் பக்கத்தை மொழிபெயர்க்கும்போது கட்டாயம் சேருங்கள். கட்டணச் சந்தாதாரர்களுக்கான தனி ஓடைகளின் முகவரியிலேயே சில வேளை ரகசியத் திறவுகோல் இருக்கும். கோப்பை அப்படியே பொதுவில் பகிர்ந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். சொல் எதுவானாலும் இந்த எச்சரிக்கை முக்கியம்.

தமிழாசிரியர் (ஓய்வு):
அப்படியானால் ஓடைத்தொகை. எட்டுத்தொகையில் உள்ள தொகை. கோப்பில் முகவரிதான் இருக்கிறது, கட்டுரைகள் இல்லை என்கிறீர்கள். வினைத்தொகையில் காலம் தொக்கு நிற்பதுபோல் இங்கே செய்தி தொக்கு நிற்கிறது! தொகு என்ற அடியே இரண்டு பொருளையும் தாங்குகிறது.

கல்லூரி ஆசிரியை:
அழகாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் அதே திரையில் மேலே "சந்தா" என்று ஒரு பொத்தான், கீழே "தொகை ஏற்றுமதி" என்று ஒரு பொத்தான். பணம் எங்கே போகிறது என்று பயனர் பதறமாட்டாரா?

நிரலர்:
வரையறையின் இரண்டாம் பதிப்பே ஓடைகள் உள்ள கோப்பைச் சந்தாப் பட்டியல் என்றுதான் தனியாகச் சொல்கிறது. பயனர் பார்ப்பதும் அதைத்தான். குறிமொழியின் முழுப்பெயர் அவருக்கு எதற்கு? பொத்தானில் ஓடைப் பட்டியல், கோப்பு வகையில் ஓபிஎம்எல். கிளையை நான் விட்டுக்கொடுக்கிறேன்.

இன்னொருவர்:
வழிமொழிகிறேன். களைத்துவிட்டேன் என்பதும் ஒரு காரணம்.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. "ஓடைப் பட்டியலை இறக்குமதி செய் (ஓபிஎம்எல்)" என்று அனுப்பிவிட்டேன், ஏற்றுமதிக்கும் அப்படியே. கடைசி நேரத்தில் இன்னொரு சொற்றொடரும் கண்ணில் பட்டது. வலையில் இருக்கும் பட்டியலின் முகவரியைக் கொடுத்து அதையே தொடரலாமாம், உரியவர் ஓடையைச் சேர்த்தாலும் நீக்கினாலும் நம்மிடமும் மாறும். இறக்குமதி என்றால் ஒருமுறை எடுத்த படிதானே. அதனால் இதற்கு "பட்டியலைப் பின்தொடர்" என்று போட்டேன். 'அவுட்லைன்' ஒரே இடத்தில்தான் வருகிறது, அங்கே கிளைக்குறிப்பு.

தமிழாசிரியர் (ஓய்வு):
பட்டியல் என்றால் மளிகைக்கும் பட்டியல்தான். நான் உடன்படவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். நம் சொற்கோவையில் ஓடைத்தொகையையும் அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்க்க வேண்டும்.

இன்னொருவர்:
சேர்ப்பதானால் ஊட்டத்தொகையும்.