கேரவன் டிரெய்லரில் கேஸ் சரியாக வரவில்லை: அடுப்பு மங்குகிறது, ஹீட்டர் பற்றுவதில்லை

கேள்வி
டிரெய்லரின் முன்பக்கம் இரண்டு புரொப்பேன் சிலிண்டர்கள். ஒன்று தீர்ந்தால் தானாக மற்றதற்கு மாறும் ரெகுலேட்டர் நடுவில் இருக்கிறது. இடது சிலிண்டரை நிரப்பி மாட்டியதிலிருந்து தொல்லை. அடுப்பில் ஒரு பர்னர் சுமாராக எரிகிறது. இரண்டாவதைப் பற்றவைத்ததும் இரண்டுமே சுருங்கிவிடுகின்றன. ஹீட்டர் டிக் டிக் என்று பொறி விட்டுப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது. சிலிண்டர் கனமாகத்தான் இருக்கிறது. ஹீட்டரைக் கழற்றிப் பார்க்கலாமா?

பதில் 1
முதலில் ஒன்று சொல்லுங்கள், கேஸ் வாசனை வருகிறதா? வந்தால் எதையும் நோண்ட வேண்டாம், சுவிட்சைக்கூடத் தட்ட வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து சிலிண்டர்களை மூடுங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனம், தரையோரம் தேங்கும். கேஸ் அலாரத்தைக் கீழே பொருத்துவதும் அதனால்தான்.

கேட்டவர்
வாசனை இல்லை. அலாரமும் சும்மா இருக்கிறது.

பதில் 2
சரி, ஹீட்டரை விட்டுவிடுங்கள். அடுப்பும் சேர்ந்து மங்குகிறது என்றால் கோளாறு அதற்கு முன்னாலேயே இருக்கிறது.

சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் ஹோஸின் முனையில், கையால் திருகும் பெரிய பிளாஸ்டிக் மரை இருக்கிறதா? அதற்குள் ஒரு தடுப்பு உண்டு. ஹோஸ் அறுந்தால் கேஸ் கொட்டாமல் இருக்க வைத்தது. வால்வைச் சட்டென்று திறந்தால் காலி ஹோஸுக்குள் கேஸ் பாயும், அந்தத் தடுப்பு ஹோஸ் அறுந்துவிட்டதாக எண்ணி அடைத்துக்கொள்ளும். அப்புறம் துளித் துளியாகத்தான் விடும். ஒரு பர்னருக்கு அது போதும், ஹீட்டருக்கு எங்கே போதும்?

அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ், வெந்நீர் எல்லாவற்றையும் அணைத்து, இரண்டு சிலிண்டரையும் மூடிச் சில நிமிடம் விடுங்கள். பிறகு இடது வால்வை மட்டும் மெல்ல, மிக மெல்லத் திறங்கள். முதலில் அடுப்பைப் பற்றவையுங்கள், குழாயில் காற்று இருந்தால் அந்த வழியாகப் போய்விடும். ஹீட்டர் கடைசியில்.

கேட்டவர்
செய்தேன். கொஞ்ச நேரம் நன்றாக எரிந்துவிட்டு மறுபடி அதே கதை. வலது சிலிண்டரில் ஒரு குறையும் இல்லை.

பதில் 3
ரெகுலேட்டர் போயிருக்கும். மாற்றிவிடுங்கள்.

பதில் 2
வலதில்தான் நன்றாக எரிகிறதே! ரெகுலேட்டர் இரண்டுக்கும் பொதுதானே? காசைக் கரியாக்க வேண்டாம். வால்வுகளை மூடிவிட்டுச் சிலிண்டர்களை இடம் மாற்றி மாட்டுங்கள். கோளாறு சிலிண்டரோடு வலதுபக்கம் போனால் அதன் வால்வு. இடதிலேயே நின்றால் ஹோஸ், இல்லாவிட்டால் ரெகுலேட்டரின் இடது வாய். மாட்டியதும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வரக்கூடாது.

கேட்டவர்
இடதிலேயே நின்றது. ஹோஸை மாற்றினேன், இப்போது அடுப்பு முழுவதும் எரியும்போதே ஹீட்டரும் பிடிக்கிறது, சுடர் நல்ல நீலம். குமிழி எதுவும் இல்லை. பழைய ஹோஸின் முனையில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று எண்ணெய் போல இருந்தது. அது என்ன?

பதில் 3
ரப்பர் ஹோஸிலிருந்தே அப்படி எண்ணெய் ஊறி வருவதுண்டு. அது ரெகுலேட்டருக்குள்ளும் இறங்கியிருக்கலாம். தெரிந்த மெக்கானிக்கிடம் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 11 அங்குல நீர்மட்ட அளவில் (கேஸ் அழுத்தம் நீரை எவ்வளவு உயரம் தள்ளுகிறது என்ற கணக்கு) நிற்க வேண்டும். குறைந்தால் நான் முதலில் சொன்னதுபோல ரெகுலேட்டரை மாற்ற வேண்டியதுதான்.