கண்ணுக்குள் ஊசி: 32 நம்பர் கேட்டு வாங்கினால் வலிக்காதா?

விழித்திரை நர்ஸ்:
நேற்று கதிர்வேல் அண்ணன் இங்கே எழுதியிருந்தார்: "கண்ணுக்குள் ஊசி என்றால் 30 நம்பர் வேண்டாம், 32 நம்பர்தான் வேண்டும் என்று அடம்பிடியுங்கள், வலியே தெரியாது." (நம்பர் என்பது ஊசியின் தடிமன் அளவு; நம்பர் கூடக் கூட ஊசி மெல்லியது.) இன்று காலை ஒரு அம்மா அதையே சொல்லிப் படுக்க மறுத்து எழுந்து போய்விட்டார். சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்தவர், மூன்றாவது ஊசிக்கு வந்தவர். 11 வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறேன், வலிக்குக் காரணம் நம்பர் இல்லை. மரப்புச் சொட்டு விட்டுப் போதிய நேரம் காத்திருந்தார்களா, கிருமி நீக்கப் போட்ட அயோடினைப் பிறகு நன்றாகக் கழுவினார்களா, அதைக் கேளுங்கள்.

கதிர்வேல்:
30 நம்பர் 0.31 மி.மீ. 32 நம்பர் 0.23 மி.மீ. தடித்தது கூடுதலாக வலிக்கும். இதைச் சொல்ல தியேட்டரில் நிற்க வேண்டுமா? தினமும் இரண்டு வேளை இன்சுலின் போடுகிறவன் நான். 26 நம்பரில் ஆரம்பித்தேன், இப்போது 32 நம்பர் பேனா ஊசி. வித்தியாசம் என் வயிற்றுக்குத் தெரியும்.

விழித்திரை நர்ஸ்:
வயிற்றுக்கு யாரும் மரப்பு மருந்து போடுவதில்லை அண்ணே. இங்கே சொட்டு விட்டு, கண்ணை அயோடினால் சுத்தம் செய்து, இமைகளைக் கிளிப் போட்டு விரித்து, கருவிழி ஓரத்திலிருந்து 3.5 அல்லது 4 மி.மீ. அளந்து வெள்ளை விழியில் குத்துகிறோம். உள்ளே போவது 0.05 மி.லி. சரியாக மரத்திருந்தால் பலருக்கு ஓர் அழுத்தம் மட்டும்தான். "போட்டாச்சா?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

மாலதி:
அக்கா சொல்வது சரி. என் அம்மாவுக்குக் குத்தும்போது ஒன்றுமில்லை. ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் கண்ணில் மிளகாய்த்தூள் விழுந்த மாதிரி எரிகிறது என்று அழுதார்.

கதிர்வேல்:
அது ஊசி போன புண். தடித்த ஊசி, பெரிய புண். நான் சொன்னதையே நீங்களும் சொல்கிறீர்கள்.

விழித்திரை நர்ஸ்:
இல்லை! மரப்பு இறங்கிய பிறகு அயோடின் உறுத்துகிற எரிச்சல் அது. ஊசி போன இடம் ஒரு புள்ளி. அயோடின் பட்டது கண் முழுக்க.

மருந்துக்கடை ராஜா:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நோயாளிகள் பார்த்துப் பயப்படுவது பெரும்பாலும் மருந்தை உறிஞ்சுகிற தடித்த ஊசியை, ரோஸ் கலர் 18 நம்பர். அதைக் கழற்றி மஞ்சள் கலர் 30 நம்பர் மாட்டித்தான் குத்துவார்கள். பார்த்தது ஒன்று, குத்தியது இன்னொன்று.

கதிர்வேல்:
ராஜா தம்பி, கண் அழுத்தத்துக்கு விடும் லேட்டனோபுரோஸ்ட் சொட்டு விஷயத்தில் போன மாதம் என்னோடு மல்லுக்கட்டிவிட்டுப் பதிவையே அழித்தவர்தானே நீங்கள்? இப்போது ஊசிக் கலர் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டீர்கள்.

மருந்துக்கடை ராஜா:
அழித்தது நிர்வாகி, நான் இல்லை. திறக்காத பாட்டில் ஃப்ரிட்ஜில், திறந்தது ஆறு வாரம் வெளியே இருக்கலாம். அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

கதிர்வேல்:
எங்கள் ஊர் வெயிலில் வெளியே வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். நம்பர் விஷயத்துக்கு வாருங்கள். 26, 27 நம்பரைவிட 29, 30 நம்பரில் வலி குறைவு என்று ஆய்வே வந்திருக்கிறது. நர்ஸம்மா படித்தீர்களா?

விழித்திரை நர்ஸ்:
படித்தேன். 30-ஐயும் 33-ஐயும் ஒப்பிட்டு, வலியில் வித்தியாசம் இல்லை என்று வந்ததையும் படித்தேன். 27-இலிருந்து 30-க்கு வந்ததில் லாபம் உண்டு, அதை யார் மறுத்தது? திரவ மருந்து என்றால் எல்லா நோயாளிக்கும் நாங்கள் 30தான் போடுகிறோம். கண்ணுக்குள் வைக்கிற சின்ன மருந்துக் குச்சியான ஸ்டீராய்டு இம்பிளாண்ட் 22 நம்பரில் போகிறது, "டக்" என்று சத்தம் வேறு வரும். ஊசி தடிமன் என்பதால் அதற்கு மரப்பைக் கூட்டிப் போடுகிறோம், அவர்களும் நடந்துதான் வீட்டுக்குப் போகிறார்கள்.

கதிர்வேல்:
பார்த்தீர்களா! தடிமன் என்பதால்தான் மரப்பைக் கூட்டுகிறீர்கள். உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

மாலதி:
அண்ணே, உங்கள் கண்ணில் எப்போதாவது ஊசி போட்டிருக்கிறார்களா?

கதிர்வேல்:
இல்லை. அதற்காக 0.31-உம் 0.23-உம் ஒன்றாகிவிடுமா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

விழித்திரை நர்ஸ்:
எத்தனை முறை சொல்வது? காலையில் எழுந்து போன அம்மாவுக்கு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. மாசக்கணக்கில் தள்ளிப்போட்டால் பார்வை இறங்கும், இறங்கியது முழுசாகத் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி அவர் மகனுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறேன். எங்களிடம் 30 நம்பர்தான் இருக்கும்.

கதிர்வேல்:
அன்றைக்கும் 32 கேட்கச் சொல்லி நானும் எழுதுவேன்.

மருந்துக்கடை ராஜா:
அந்தப் பழைய பதிவின் நகல் என்னிடம் இருக்கிறது. போடட்டுமா?