புதுப்பிப்பு: இண்டக்‌ஷன் அடுப்பின் போர்டு பிழைத்துவிட்டது

மின்னழுத்தம் திடீரென எகிறி என் இண்டக்‌ஷன் அடுப்பு நின்றுபோனதையும், புது ஃபியூஸ் போட்ட நொடியே அதுவும் வெடித்ததையும் முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

முதலில் பெரிய மின்தேக்கியில் (கெப்பாசிட்டர்) தேங்கிய மின்சாரத்தை ஒரு மின்தடை வழியாக வடித்தேன். 230 வோல்ட் இணைப்பில் அதற்குள் ஏறக்குறைய 325 வோல்ட் தேங்கியிருக்கலாம். தயவுசெய்து இதை யாரும் தவிர்க்காதீர்கள். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், ஃபியூஸை ஒட்டியிருந்த நீல வேரிஸ்டரின் (மின்னழுத்தம் எகிறும்போது அதைத் தான் வாங்கி மற்ற பாகங்களைக் காக்கும் வட்டு) விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அடியில் கரி. மல்டிமீட்டரை வைத்ததும் விடாமல் ஒலித்தது. எகிறிய மின்சாரத்தைத் தான் வாங்கிக்கொண்டு ஷார்ட் ஆகிக் கிடந்திருக்கிறது. அதை விட்டுவைத்து எத்தனை ஃபியூஸ் மாற்றினாலும் வீண்தான்.

ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர், அடுப்பின் சுருளுக்கு மின்சாரத்தை வேகமாக விட்டு நிறுத்தும் சுவிட்சான ஐஜிபிடி இரண்டும் நலம். ஆனால் போர்டின் உள்வேலைக்கான 18 வோல்ட் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அதைத் தரும் மின்வழங்கல் சிப்பும் அதற்கு முன்னிருந்த சிறு மின்தடையும் போயிருந்தன, மாற்றினேன்.

நேரடியாக இணைக்காமல், 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராகக் கோத்துச் சுவிட்சைப் போட்டேன். பல்பு ஒருகணம் மின்னி அடங்கியது, திரையில் எண்கள் வந்தன. அந்த நொடியின் மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது! ஷார்ட் மிச்சமிருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்திருக்கும்.

வேரிஸ்டர் இல்லாமலும் அடுப்பு ஓடும் என்று அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். அடுத்த அடி நேராக ஐஜிபிடிமேல் விழும். அதே எண்ணுள்ளதையே வாங்கிப் பொருத்தினேன். ஒரு வாரமாக அடுப்பு குறையில்லாமல் ஓடுகிறது.