சேலத்தை வச்சு ஸ்டீம்பங்க் நாவல் எழுதுனா எடுபடுமா?

நீராவிப்பித்தன்:
வணக்கம் மக்களே. ரெண்டு நாவல் எழுதியிருக்கேன், ரெண்டும் குடும்பக்கதை. இப்ப ஸ்டீம்பங்க் பைத்தியம் தலைக்கேறி கெடக்கு. தெரியாதவங்களுக்கு, கரண்டும் பெட்ரோலும் வந்து எல்லாத்தையும் மாத்தறதுக்கு முன்னாடி இருந்த நீராவிக் காலம் இருக்குல்ல, அந்த மெஷினுங்களே இன்னும் பத்து மடங்கு வளந்திருந்தா உலகம் எப்படி இருக்கும்னு போற கதைங்க. பேரு 1987ல ஜீட்டர்ங்கற எழுத்தாளர் பாதி கிண்டலா வச்சது, ஆனா சரக்கு ரொம்ப பழசு. ஜூல்ஸ் வெர்ன் 1880லயே நீராவியில ஓடற இரும்பு யானை வீட்டையே இழுத்துக்கிட்டு வட இந்தியா முழுக்க சுத்தற மாதிரி எழுதிட்டாரு. யானை நம்மளது, கதை மட்டும் பிரெஞ்சுக்காரருதா? என் கதை 1870கள்ல சேலம், ஏற்காடு. லண்டன் பனிமூட்டம் இல்லாம இது ஒட்டாதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, ஏற்காட்டுல இல்லாத பனியா! இந்த ஊருல நெசமா இருந்த எதை வச்சு அந்த உலகத்தைக் கட்டலாம்? தொப்பியில பல்சக்கரம் ஒட்டற சமாச்சாரம் மட்டும் வேண்டாம்.

அம்மாப்பேட்டை தறிக்காரன்:
அண்ணா லண்டன் எதுக்கு, எங்க தறி மேல சேலைக்கு டிசைன் போடற ஜக்கார்டு பொட்டி உக்காந்திருக்கே அதைப் பாருங்க. அட்டையில ஓட்டை இருந்தா ஊசி உள்ள போயிரும், கொக்கி மாட்டி அந்த பாவு நூல், அதாவது நீளவாக்கு நூல், மேல வரும், ஓட்டை இல்லன்னா அட்டை ஊசியைத் தள்ளிரும் நூல் கீழயே கெடக்கும், மிதியை அமுக்க அமுக்க ஒவ்வொரு அட்டையா மாறும், குறுக்கு நூலைக் கொண்டுபோற நாடா ஓடும், சேலையில மயில் வந்துக்கிட்டே இருக்கும். ஒரு ஓட்டை தப்பா குத்திட்டா அத்தனை மயிலுக்கும் ஒரே எடத்துல பழுது விழும், எங்கப்பா அன்னிக்கு பூரா யாருகிட்டயும் பேசமாட்டாரு. பிரான்ஸ்ல 1804ல ஜக்கார்டுங்கறவரு கொண்டாந்த இதே அட்டை ஐடியாவைத்தான் இங்கிலாந்து கணித மேதை பாபேஜ் 1830கள்ல தன்னோட கணக்கு மெஷினுக்கு எடுத்துக்கிட்டாரு. ஜக்கார்டோட உருவத்தை சுமார் 24,000 அட்டை போட்டு நெய்ஞ்ச பட்டுப்படம் ஒண்ணு பாபேஜ் வச்சிருந்தாரு. மெஷினை அவரால கட்டி முடிக்க முடியல. உங்க கதையில சேலத்துல குகைங்கற ஏரியாவுல இருக்கற நெசவாளி ஒருத்தன் கட்டட்டுமே. 1870ல சேலத்துல ஜக்கார்டு இருந்துச்சுங்கறதையே உங்க கற்பனையா வச்சுக்கங்க.

கஞ்சமலை அடிவாரம்:
தறி சரி, இரும்பு? அமாவாசைக்கு எங்க கஞ்சமலை சித்தர் கோயிலுக்கு போறவங்க பாதிப் பேருக்கு தாங்க நிக்கறது இரும்பு மலைன்னே தெரியாது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஓடை மணல்ல ஒரு இழு இழுங்க, கறுப்பா மீசை மாதிரி ஒட்டும். ஹீத்னு ஒரு வெள்ளக்காரரு 1830கள்ல சேலத்து தாதுவை பரிசல்ல கொள்ளிடம் வழியா பரங்கிப்பேட்டைக்கு எறக்கி பெரிய உலை போட்டு உருக்கினாரு. ஆனா எல்லாமே மரக்கரி, நெலக்கரி இந்தப் பக்கம் ஏது. காடு தீர்ந்துச்சு, கம்பெனியும் படுத்துருச்சு. மெட்ராஸ் ரயில்வே இன்ஜினுங்களும் ஆரம்பத்துல வெறகுதான் தின்னுச்சு. அதனால உங்க இன்ஜினுக்கு வெறகு எங்கருந்து வருதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. சேர்வராயன் மலையில யார் வெட்டறா, யார் காட்டை எழுதி வாங்கறா, கதையே அங்கதான் கெடக்கு.

வெறும்பேச்சு:
எனக்கு இந்த வகை மேல ஒரு கடுப்பு உண்டு. பித்தளை பளபளப்பு, கோட்டு சூட்டு, ஆகாயக்கப்பல், அவ்ளோதான். 1876-78 பஞ்சத்துல சேலம் ஜில்லா அடிவாங்கின மாதிரி கொஞ்ச ஜில்லாதான் வாங்கிருக்கும். அப்ப ரயில் இருந்துச்சுங்க! அதே தண்டவாளத்துல தானியம் நல்ல வெலை கெடைக்கற ஊருக்குப் போச்சு, பக்கத்துலயே ஜனம் செத்துச்சு. 1870கள்னு போட்டுட்டு இதைத் தொடாம போனா நான் படிக்கமாட்டேன்.

நீராவிப்பித்தன்:
@வெறும்பேச்சு நெத்தியடி. நான் 1872ல முடிக்கலாம்னு இருந்தேன், இப்ப பஞ்சம் வரைக்கும் இழுக்கணும் போல. அட்டை போட்டா கணக்கு பாக்கற மெஷின் ஒண்ணு, எந்த ஊருக்கு எத்தனை மூட்டைன்னு அதுதான் சொல்லும், அட்டை குத்தறவன் நம்ம நெசவாளி. அவன் ஒரு ஓட்டையை வேணும்னே மாத்திக் குத்தினா? ஐயோ இன்னிக்கு தூக்கம் போச்சு.

இருவது கொண்டை ஊசி:
லேட்டா வந்துட்டேன். ஏற்காட்டுல காப்பி 1820கள்லயே கலெக்டர் காக்பர்ன் காலத்துல வந்தாச்சு, ஆனா இன்னிக்கு வரைக்கும் மலைக்கு ரயில் கெடையாது. ஊட்டிக்கு மட்டும் பல்சக்கர ரயிலா? உங்க நாவல்லயாவது எங்களுக்கு ஒண்ணு விடுங்க சாமி, வெறகு வேணும்னா நாங்க குடுக்கமாட்டோம் அது வேற விஷயம் 😄

அம்மாப்பேட்டை தறிக்காரன்:
@நீராவிப்பித்தன் அண்ணா எழுதறதுக்கு முன்னாடி ஒருக்கா நேர்ல வந்து அட்டை குத்தறதைப் பாத்துருங்க. காலையில வாங்க, மத்தியானத்துக்கு மேல அப்பா தூங்கிருவாரு.