காது குத்தி மறுநாள் அக்னி தீர்த்தத்தில் முழுக்கு: போடலாமா, கூடாதா?

தேவிபட்டினத்தான்: ஒரு வயசுக் குழந்தைக்கு வெள்ளிக்கிழமை குலதெய்வம் கோயில்ல மொட்டை, காதுகுத்து. சனிக்கிழமை ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்துல முழுக்கு போடணும்கிறாங்க பெரியவங்க. கடல் உப்பு காயத்தை ஆத்தும்ங்கிறது சரியா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தொண்டி பத்தர்: தாராளமா போடலாம். காயத்துக்கு உப்பும் மஞ்சளும் பகை இல்ல. கவனிக்க வேண்டியது நகைதான். 22 கேரட் கம்பியை 0.8 மில்லி கனத்துக்கு இழுத்து, உள்ளகலம் 8 மில்லி வர்ற மாதிரி வளையமா போடுங்க. காது வீங்கினாலும் இடம் இருக்கும். திருகாணி வச்ச தோடு முதல் நாள்ல வேணாம். மரைக்குள்ள நீர் கோத்து நிக்கும். கழண்டு விழுந்துரும்னு வீட்ல ஆளாளுக்கு இறுக்குவாங்க, சதை திருகாணியை மூடிரும். துப்பாக்கில குத்துறதும் வேணாம். அது முனை மழுங்கின தோட்டை அழுத்தித் திணிக்கிறது, சதை நசுங்கும்.

உச்சிப்புளி செவிலி: வளையம், திருகாணி, துப்பாக்கி மூணுலயும் பத்தர் அண்ணன் சொல்றது சரி. கடல்ல மட்டும் ஒத்துக்க முடியாது. காயம் கழுவுற சலைன்ல லிட்டருக்கு 9 கிராம் உப்பு. கடல்ல ஏறக்குறைய 35 கிராம். கிட்டத்தட்ட நாலு மடங்கு. அது புதுச் சதையில இருக்கிற நீரை உறிஞ்சி வெடிக்க வைக்கும். அதுக்கு மேல கிருமி. விப்ரியோங்கிற வகை வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில வளர்றது, நம்ம கடல் வருஷம் முழுக்க அந்தச் சூட்டுலதான் இருக்கு. அக்னி தீர்த்தக் கரையில அலை அடிச்சுக் கழுவிட்டுப் போறதும் இல்ல. பெண்கடல், குளம் மாதிரி நிக்கும், தினம் ஆயிரக்கணக்கானவங்க முழுகுற இடம்.

தொண்டி பத்தர்: சரிம்மா. அப்ப காதைச் சும்மா விடுறதா? தேங்காயெண்ணெய் தொட்டு தினம் வளையத்தைச் சுத்தி விடலைன்னா கம்பி சதையோட ஒட்டிரும். மஞ்சள் வச்சா சீழ் பிடிக்காது.

உச்சிப்புளி செவிலி: ஒட்டிக்கிட்ட மாதிரி தெரியிறது பொருக்குண்ணே. துளையில ஊறுற வெளுத்த நீர் காஞ்சு கம்பியைச் சுத்தி மஞ்சளா அப்பியிருக்கும், அது இயல்பு. அதோட சேத்துச் சுத்தினா கூரான பொருக்கு துளைக்குள்ள போய், அப்பத்தான் மூடிக்கிட்டு வர்ற மெல்லிசுத் தோலைக் கிழிக்கும். எண்ணெய் மேல மணலும் வேர்வையும் ஒட்டும், கடலோரத்துல இது இன்னும் மோசம். சமையல் மஞ்சத்தூள் நுண்ணிசா இருந்தாலும் தூள்தான், துளைக்குள்ள தங்கிரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மருந்துக்கடையில 0.9 சதவீத சோடியம் குளோரைடு 10 மில்லி குப்பி கேளுங்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, கிருமி நீக்கின துணியை நனைச்சுக் காதுல ரெண்டு நிமிஷம் ஒத்தி வைங்க. பொருக்கு இளகித் தானா வரும், வராததை விட்டுருங்க. மிச்சத்தை முன்னும் பின்னும் ஊத்தி, உலர்ந்த துணியால ஒத்தி எடுங்க. பஞ்சு வேணாம், இழை சிக்கும். 100 மில்லி பாட்டில் வாங்கினா 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. நம்ம பக்கம் போர் தண்ணி உப்புக் கரிக்கும், அதுல உப்பைக் கரைச்சு வீட்டுச் சலைன் பண்ணக்கூடாது, அளவு நிக்காது.

பாம்பன் பாலா: குழந்தைக்கு இது சரி. கடல்ல தொழில் பாக்குறவங்களுக்கு? பாசி எடுக்கப் போற பொம்பளைங்க மூக்குக் குத்திட்டு எத்தனை நாள் முழுகாம இருக்க முடியும்?

உச்சிப்புளி செவிலி: காது மடலுக்கு, அதாவது அடியில மெத்துன்னு தொங்குற சதைக்கு, 6 முதல் 8 வாரம். மூக்குக்கு 4 மாசமாவது ஆகும். முழுகுற கண்ணாடி மூக்கோரத்துல அழுத்துற இடமும் அதேதான், தண்ணி புகாத ஒட்டு அந்த வளைவுல நிக்காது. தொழிலை விட முடியாதவங்களுக்கு மூக்கை இப்ப குத்த வேணாம்னுதான் சொல்லுவேன்.

பாம்பன் பாலா: விசைப்படகுக்காரங்களுக்கு ஒரு வழி இருக்கு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முதல் நாளே மடல் குத்தினா 8 வாரம் கணக்குக்கு வந்துரும். நாட்டுப்படகுக்கு அந்த வசதி இல்ல.

உச்சிப்புளி செவிலி: மடலுக்கு மட்டும்தான் தம்பி. இளவட்டங்க இப்ப மேல் காதுல குத்துறாங்களே, அது குருத்தெலும்பு, 6 மாசத்துல இருந்து ஒரு வருஷம். அதுக்குள்ள ரத்தக்குழாய் கிடையாது, சீழ் பிடிச்சா உடம்பால லேசுல எதிர்க்க முடியாது. மேல் காது சிவந்து சூடா வீங்கி, மடல் மட்டும் பழையபடி இருந்தா அன்னைக்கே டாக்டரைப் பாக்கணும். பெரும்பாலும் சூடோமோனாஸ் கிருமி. கடையில சொல்லி வாங்குற அமாக்சிசிலின் அதுகிட்ட வேலை செய்யாது. தள்ளிப்போட்டா குருத்தெலும்பு கரைஞ்சு காது சுருங்கிரும். பயந்து நகையை நீங்களா கழட்டவும் வேணாம், கழட்டணுமான்னு டாக்டர் சொல்லட்டும்.

தொண்டி பத்தர்: மேல் காது எங்க வழக்கத்துல இல்ல, அதுல நான் வாதாட வரல. சுத்துறதை விட்டுறலாம், சரி. மஞ்சள் கெடுதல்னு மட்டும் என்னால ஏத்துக்க முடியாது. இத்தனை தலைமுறை ஆறின காது பொய்யா?

உச்சிப்புளி செவிலி: ஆறின காதைத்தான் நாம பாக்குறோம்ணே, ஆறாத காது ஆஸ்பத்திரிக்கு வருது. உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். பிள்ளைக்குப் பிள்ளை புது ஊசி மாத்துறீங்களா? நெருப்புல காட்டுறது போதாது. கம்பியை ஆட்டோகிளேவ்ல, அதான் நீராவி அழுத்தத்துல கிருமி கொல்ற பாத்திரத்துல, 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்துல, 15 நிமிஷமாவது வைக்கணும். 916 முத்திரை தங்கத்துக்குத்தான், சுத்தத்துக்கு இல்ல.

தொண்டி பத்தர்: புது ஊசி கட்டாயம்தான், அதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்ல. உறை பிரிக்காத ஊசியைப் பெத்தவங்களே வாங்கிட்டு வரட்டும். ஆட்டோகிளேவ் பட்டறையில கிடையாது. முந்தின நாளே வளையத்தைக் கொடுத்தா ஆஸ்பத்திரில வச்சுத் தருவாங்களான்னு கேளுங்க. தேவிபட்டினத்துத் தம்பிக்கு என் யோசனை: வரிசையை மாத்துங்க. முதல்ல ராமேஸ்வரம், முழுக்கு. அப்புறம் ஊருக்கு வந்து மொட்டையும் காதுகுத்தும்.

உச்சிப்புளி செவிலி: இது நல்ல யோசனை. ரெண்டுக்கும் நடுவுல நல்ல தண்ணியில குளிப்பாட்டிருங்க. இன்னொண்ணு, மொட்டையடிச்ச கையோட தலையில சந்தனம் அப்புவோம். அது வேர்வையில கரைஞ்சு நேரா காதுக்கு வழியும், ஒட்டின முடித்துணுக்கையும் இழுத்துட்டு வரும். தலையைக் கழுவித் துடைச்ச பிறகு காது குத்துங்க. சந்தனம் வைக்கணும்னா உச்சியில மட்டும் கொஞ்சமா.

தேவிபட்டினத்தான்: அப்ப வியாழக்கிழமை ராமேஸ்வரம், வெள்ளிக்கிழமை கோயில். வீட்ல பேசிட்டேன், சந்தனத்தைக் குறைக்கத்தான் ஆத்தா இன்னும் சம்மதிக்கல.