கூர்நோக்கு இல்லத்தில் பையன்களை வகை பிரிக்கலாமா?

நொய்யல்கரை:
திருப்பூரில் கூட்டாளிகளோடு சேர்ந்து செல்போன் பறித்த 16 வயதுப் பையனையும், 8 வயதிலிருந்தே திருட்டு, அடிதடி என்று வந்தவனையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்து ஆலோசனை சொல்வது தப்புங்க. உளவியலாளர் டெர்ரி மோஃபிட் 1993-லேயே இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டினார். விடலைப் பருவத்தோடு நிறுத்துபவர்களே அதிகம். சின்ன வயதில் தொடங்கித் தொடர்பவர்கள் கொஞ்சம் பேர். பேச்சுத்திறன் குறைவு, துறுதுறுப்பு, வீட்டில் அடி எல்லாம் அவர்களுக்குப் பள்ளிக்கு முன்பே சேர்ந்திருக்கும். கலந்து உட்கார வைத்தால் ஒருவன் அடிதடிக் கதை சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பரிசு.

மஞ்சள்சந்தை:
ஏனுங்க, 8 வயதில் என்ன செய்தான் என்று யார் சொல்வது? 10 வயதுக்கு முன் ஒரு அறிகுறியாவது இருந்ததா என்பதுதான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 போடும் கோடு. மூன்று ஊர் மாறி வந்து பனியன் கம்பெனியில் கைமடியாக (உதவியாளாக) நிற்பவனுக்குப் பள்ளிப் பதிவே ஒழுங்காக இருக்காது. அப்புறம் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. கொடுங்குற்ற வழக்கென்றால் 16 வயது நிரம்பியவனின் மன, உடல் திறனை இளைஞர் நீதிக் குழுமம் 3 மாதத்தில் மதிப்பிட வேண்டும். அந்தத் தாளில் "தொடர்பவன்" என்று ஏறினால், பெரியவனைப் போல விசாரிக்க அதுவே சாக்காகிவிடும்.

நொய்யல்கரை:
தாளில் பெயரே வேண்டாங்க, கேள்வி இருந்தால் போதும். தனியாகச் செய்தானா, கூட்டாகவா? திட்டம் போட்டா, கோபத்திலா? அம்மாவையும் அப்புச்சியையும் தனித்தனியாகக் கேளுங்க. "எந்த வயசுல?" என்றால் குழம்புவார்கள், "எந்த வாடகை வீட்டில் இருந்தப்ப, எந்த நோம்பிக்கு முன்னாடி?" என்றால் நினைவு வரும்.

சிறுவாணி:
முகத்தை வைத்தே "கல்நெஞ்சன்" என்று எழுதும் வழக்கத்தை இரண்டு பேரும் விட்டுட்டீங்க. அப்படிச் சொல்ல டிஎஸ்எம்-5 கேட்பது வேறு. குற்றவுணர்வு இல்லை, பிறர் வலி உறைக்கவில்லை, படிப்பு வேலையில் அக்கறை இல்லை, உணர்ச்சி மேலோட்டம்: இந்த 4-இல் 2, 12 மாதமாக, பல இடங்களில் இருந்திருக்க வேண்டும். வந்த முதல் வாரத்தில் பார்த்து இதை முடிவு செய்யவே கூடாது. அதிர்ச்சியில் மரத்துப்போனவனும் கல் மாதிரித்தான் உட்கார்ந்திருப்பான். இரவில் அலறுகிறானா, கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறானா என்று விடுதிக் காவலரிடம் கேட்க வேண்டும். உண்மையிலேயே அச்சம் குறைந்தவனிடம் தண்டனை அவ்வளவாக எடுபடாது. நல்லது செய்ததும் கையோடு கிடைக்கும் பரிசு எடுபடும்.

மஞ்சள்சந்தை:
அதைப் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டுமே அக்கா. குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லாவிட்டால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் அது நடக்கட்டும். இன்னொன்று, நியூசிலாந்தில் ஒரே ஆட்களைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்க்கும் மோஃபிட் குழுவின் டுனெடின் ஆய்விலேயே, நின்றுவிடும் வகை என்று வைத்த ஆண்களுக்கு 26 வயதிலும் போதை, பணச்சிக்கல் இருந்தது. "தானாகத் திருந்துவான்" என்று கைகழுவ அந்த வகைப்பெயர் வசதியாகிவிடும்.

நொய்யல்கரை:
கைகழுவச் சொல்லலைங்க. விடலைப் பருவத்தோடு நிறுத்துபவனுக்குப் போதைச் சோதனை, ஐடிஐ இடம், பழைய கூட்டாளிகள் இல்லாத வேலையிடம். மற்றவனுக்கு வீட்டுக்கே போய்ப் பெற்றோரோடு மாதக்கணக்கில் உட்கார ஆள். ஒரே ஆலோசகரை வைத்து இரண்டையும் ஒரு மணி நேரக் கூட்டத்தில் முடிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.